தீட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் காப்பி

அத்தியாயம் 14

"அண்ணி, நீங்க சொல்றீங்களா, இல்ல நானே அம்மாகிட்ட சொல்லிடட்டுமா?"

சமையலறைக்குப் பின்னால் கையும் களவுமாகப் பிடித்த அன்று கொழுந்தன் வீர்த்தா கேட்ட கேள்விக்கு ரஸ்மினி இன்னும் பதில் சொல்லவில்லை. ஈரக் கத்தியோடு எழுந்து நின்றவள், கல்லின் மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டு அவனைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவனோடு தனியாக நிற்க நேராதபடி பார்த்துக்கொண்டாள்.

இன்று அது முடியவில்லை. இன்று தும்பெக் லாண்டெப், கூரானவற்றையெல்லாம் கும்பிடும் நாள். விடிந்ததிலிருந்து பாலித் தீவு முழுக்க அரிவாளும் கோடரியும் உளியும் வீட்டுக் கோயில்களின் முன்னால் மஞ்சள் துணியில் படுத்திருந்தன. இந்த வீட்டில் அவற்றை எடுத்து அடுக்குவது ஆண்பிள்ளையின் வேலை. ஒவ்வொன்றின் மேலும் வைக்கக் குருத்தோலையில் தட்டு பின்னிக் கொடுப்பது பெண்ணின் வேலை. ஆக, இருவரும் ஒரே முற்றத்தில் எதிரெதிரே உட்கார வேண்டியதாயிற்று.

"அம்மா விடியக்காலையிலேயே எழுந்துட்டாங்க" என்றான் வீர்த்தா, அரிவாளைத் துடைத்தபடி. "எதிர்வீட்டு மென் சுத்ரியையும் இன்னும் ரெண்டு பேரையும் மத்தியானத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க. தெரியுமா?"

"எதுக்கு?"

"அண்ணன் கத்தி தீட்டறதைக் கேக்கறதுக்கு. கச்சேரிக்குக் கூப்பிடற மாதிரி கூப்பிட்டிருக்காங்க."

ரஸ்மினியின் விரல்கள் ஓலையில் நின்றுவிட்டன.

"இன்னைக்கு லாண்டெப் ஆச்சே, கண்டிப்பா வருவான்னு சொல்றாங்க. சாயங்காலம் ஊர்ச் சபையிலேர்ந்து பஞ்சார் தலைவர் வர்றார். ஊர்த் தகனத்துல அண்ணன் பேரைச் சேர்க்கலாமா வேணாமான்னு கடைசியா கேக்க வர்றார். இந்தத் தடவை விட்டா அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சுத்தான். அதுவரைக்கும் அண்ணன் மண்ணுக்குள்ளயே கிடக்கணுமா, நீங்க தீட்டற கத்திக்காக?"

"மெதுவா பேசுங்க தம்பி."

"மெதுவா பேசிப் பேசித்தான் இங்க வந்து நிக்குது" என்று அவன் அரிவாளைக் கீழே வைத்தான்.

லாந்த்ரா போய் ஏழு மாதம் ஆகிறது. கோயில் விருந்துக்கு ஊர் ஆண்களோடு உட்கார்ந்து கறி கொத்திக் கொடுத்துவிட்டு, மழையில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பியவன் பாலத்து வளைவில் சறுக்கினான். முதுகுப் பையில் இருந்த கொத்துக்கத்திக்கு ஒரு கீறல் இல்லை. அதன் விளிம்பில் அன்று கொத்திய மஞ்சளும் தேங்காயும் காய்ந்து ஒட்டியிருந்தன. அவனை மயானத்து மண்ணில் புதைத்தார்கள். எலும்பை எடுத்து எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்தால்தான் அவனுக்கு வழி திறக்கும். அதற்கு ஊர் கூடித் தகனம் நடத்தும் நாள் வர வேண்டும். அந்த நாள் அடுத்த மாதம்.

வேண்டாம் என்கிறாள் தாய்.

"தினம் மத்தியானம் வீட்டுக்கு வர்ற பிள்ளையைப் பிடிச்சு எரிக்கச் சொல்றீங்களா?" என்று பஞ்சார் தலைவரிடமே கேட்டுவிட்டாள்.

அவளை ஊர் மென் லாந்த்ரா என்று கூப்பிட்டது. லாந்த்ராவின் அம்மா. முதல் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் ஒரு தாயைக் கூப்பிடுவார்கள். பிள்ளை போய்விட்டான், பெயர் போகவில்லை. சந்தையில் யாராவது "மென் லாந்த்ரா!" என்று சத்தம் போட்டால் அவளுக்கு முன்னால் ரஸ்மினி திரும்பிப் பார்ப்பாள்.

இத்தனையும் ஒரு சின்னக் கத்தியில் ஆரம்பித்தது.

ரஸ்மினி குருத்தோலைத் தட்டுகள் பின்னிச் சந்தையில் விற்பவள். அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு கத்தி வைத்திருந்தாள். லாந்த்ரா இருந்தவரை கத்தி என்பது மழுங்கும் என்றே அவளுக்குத் தெரியாது. மழுங்கும் முன்பே அது தீட்டப்பட்டு, கழுவப்பட்டு, அவளுடைய கூடையில் கிடக்கும். அவன் போன சில வாரங்களில் கத்தி ஓலையை வெட்டாமல் கிழிக்கத் தொடங்கியது. ஓரம் பழுப்பாகி நார் நாராக நின்றது. வாடிக்கைக்காரிகள் முகம் சுளித்தார்கள்.

கத்தியைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நாள் உட்கார்ந்தே இருந்தாள். அவன் செய்துவந்த ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்று அந்த மழுங்கிய விளிம்புதான் அவளுக்கு முதலில் சொன்னது. அழுகை அன்றைக்குத்தான் வந்தது.

லாந்த்ராவின் கல் சமையலறைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் கிடந்தது. அதையும் கொத்துக்கத்தியையும் யாரும் தொடக் கூடாது என்று மாமியார் உத்தரவு போட்டிருந்தாள். முன்பொரு முறை கப்பல் வேலையிலிருந்து விடுமுறையில் வந்தபோது அண்ணனின் கத்தியை எடுத்துத் தேங்காய் உடைக்கப் போன வீர்த்தாவுக்கு உள்ளங்கை பிளந்து தையல் போட்டதிலிருந்து அந்த உத்தரவு. அதனால் மாமியார் சாப்பிட்டுப் படுக்கும் மத்தியான வேளையில் ரஸ்மினி ஒளிந்து ஒளிந்து பழகினாள்.

முதலில் அம்மியில் மசாலா அரைப்பதுபோல் முன்னும் பின்னும் தேய்த்தாள். கத்தி இன்னும் மொண்ணையானது. கைப்பேசியில் யார் யாரோ தீட்டுவதைப் பார்த்தாள். விளிம்பில் மை தடவிவிட்டுத் தேய், மை எங்கே அழிகிறதோ அங்கேதான் கல் படுகிறது என்று ஒருவன் சொன்னான். அப்படிச் செய்தபோதுதான், தான் இத்தனை நாளும் விளிம்பைத் தொடாமலே அதற்கு மேலே இருக்கும் சரிவைத் தேய்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். மறுபக்கம் கட்டை விரலால் தடவினால் ரோமம்போல ஒரு பிசிறு தட்டுப்படும் வரை ஒரு பக்கத்தை விடக் கூடாது. பிசிறு வந்த பிறகு கத்தியைத் திருப்ப வேண்டும். அப்புறம் லேசாக, மேலும் லேசாக, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் கல்லில் படும்படி.

கல் நடுவில் குழிந்திருந்தது. குழிந்த கல்லைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சமமாக்கு என்று கைப்பேசிக்காரன் சொன்னான். அதை மட்டும் அவள் கேட்கவில்லை. அந்தக் குழி லாந்த்ராவின் கை தோண்டியது. சின்னக் கத்தி கூரானதும் அவனுடைய கொத்துக்கத்தியையும் எடுத்து அதில் வைத்தாள்; அது தானாகவே ஒரு பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. எதிர்க்காமல் போக விட்டாள். அப்போது ஓசை மாறியது.

நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. ஒரு நிறுத்தம்.

கல்யாணமான நாளிலிருந்து மத்தியானத் தூக்கத்தில் அவள் கேட்ட ஓசை. அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் கூடையால் கவிழ்த்து மூடியிருந்த சேவல் மட்டும் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை மாமியார் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். மகன் போன பிறகு அவள் வயிறாரச் சாப்பிட்டது அன்றுதான். "கேட்டியா ரஸ்மி?" என்றாள். "என் பிள்ளை கத்தி தீட்டினான்." முகம் பளபளவென்று இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, தீட்டியது நான்தான் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் தொட்டி ஓரத்தில் ஒரு குவளைக் காப்பி மூடி வைக்கப்பட்டிருந்தது. லாந்த்ராவுக்குப் பிடித்த தித்திப்பில் மாமியார் போட்டு வைத்தது. ரஸ்மினி அதைத் தொடவில்லை. மாலையில் நிறைந்த குவளையைக் கையில் வைத்துக்கொண்டு மாமியார் வெகுநேரம் நின்றாள். அடுத்த நாள் ரஸ்மினி அதைக் குடித்துவிட்டாள். அதற்கப்புறம் தினமும் குடித்தாள். சமையலறைக்குப் பின்னால் மத்தியானத்தில் யாரும் போகக் கூடாது, எட்டிப் பார்த்தால் அவன் வரமாட்டான் என்று மாமியார் கட்டளை போட்டது அவளுக்கு இன்னும் வசதியாகிப் போனது.

யாரிடமும் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. சில நாட்களில் அவள் நிறுத்திய பிறகும் ஓசை ஒரு தேய்ப்பு கூடுதலாகக் கேட்டது. கத்தி மடியில் இருக்கும். கை ஓய்ந்திருக்கும். கல்லிலிருந்து நீளமாக ஒன்று வரும். அது கேட்கும் நாளில் அவள் எழுந்திருக்க நேரமாகும்.

"என்ன அண்ணி, வாயே திறக்க மாட்டேங்கறீங்க?"

வீர்த்தாவின் குரல் அவளை முற்றத்துக்கு இழுத்து வந்தது.

"நான் சொல்லிட்டா அத்தை மறுபடி படுத்துடுவாங்க தம்பி. அப்ப எப்படி இருந்தாங்கன்னு நீங்க பார்க்கலை. கப்பல்ல இருந்தீங்க. வாயில கஞ்சி ஊத்தினா கடைவாய் வழியா வழியும்."

"சொல்லலைன்னா அண்ணன் கிடப்பார்."

ரஸ்மினி பின்னி முடித்த தட்டைக் கொத்துக்கத்தியின் மேல் வைத்தாள். "குளிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

பூசை நல்லபடியாக முடிந்தது. மாமியார் வெள்ளை ரவிக்கையும் மஞ்சள் இடைத்துணியும் அணிந்து, ஒவ்வொரு ஆயுதத்தின் மேலும் தீர்த்தம் தெளித்தாள். கொத்துக்கத்தியின் முன்னால் மட்டும் கொஞ்சம் குனிந்து, "சாப்பிட்டுட்டுப் போகலாம்ப்பா" என்றாள், பந்திக்கு வந்தவனிடம் சொல்வதுபோல.

பூசை முடிந்ததும் கத்தியை அவளே எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரத்தில் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள். காப்பியையும் வைத்தாள்.

மத்தியானம் மூன்று பெண்களும் வந்துவிட்டார்கள். மென் சுத்ரி வெற்றிலைச் செல்லத்தோடு வந்திருந்தாள், பொழுது நீளும் என்று தெரிந்தவள்போல. மற்ற இருவரும் அடுத்த வீட்டுச் சகோதரிகள். சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கம் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"ரஸ்மி, இங்க வா. என் பக்கத்துல உட்காரு" என்றாள் மாமியார்.

"எனக்கு உள்ளே வேலை..."

"இன்னைக்கு என்ன வேலை? வா. உன் புருஷன் வர்றான், நீயும் கேளு."

ரஸ்மினியின் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிடி தளரவே இல்லை.

பலா மரத்திலிருந்து ஒரு சருகு விழுந்தது. பன்றிக் கொட்டிலில் பன்றி ஒரு முறை உறுமி அடங்கியது. வெயில் சுவரின் மேல் ஏறி நின்றது. தன் உள்ளங்கையில் மாமியாரின் நாடி துடிப்பதை ரஸ்மினி உணர்ந்தாள். வராது அத்தை என்று சொல்ல நாக்கு மேலண்ணம் வரை வந்து வந்து திரும்பியது.

மென் சுத்ரி வெற்றிலைச் சாறைத் துப்பிவிட்டு வந்தாள். "அவன் கோயில் வேலைக்குப் போறப்பவே லேட்டாத்தான் வருவான்" என்றாள். சகோதரிகளில் ஒருத்தி சிரிப்பை அடக்க மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"வருவான்" என்றாள் மாமியார்.

"வந்தா சரிதான். எனக்கு மாட்டுக்குப் புல்லு அறுக்கணும்."

"இன்னைக்கு அரிவாளுக்கு ஓய்வு. எந்தப் புல்லை அறுக்கப் போறே?"

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மென் லாந்த்ரா."

மாமியாரின் முகத்தில் இருந்த பளபளப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. தாடை தளர்ந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய முகம் உள்ளிருந்து எழுந்து வருவதை ரஸ்மினி பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டம் கூட்டினது என் தப்பு" என்று மாமியார் முணுமுணுத்தாள். "அவனுக்குக் கூட்டம் பிடிக்காது."

அப்போதுதான் ஓசை வந்தது.

சுவருக்குப் பின்னால், கல்லின் மேல் இரும்பு.

மென் சுத்ரியின் வாயிலிருந்து வெற்றிலை நழுவியது. சகோதரிகள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். கத்தி தீட்ட வேண்டிய ரஸ்மினியின் கை இங்கே மாமியாரின் மடியில் இருக்கிறது. அங்கே யார்?

ஆனால் மூன்றாவது தேய்ப்பிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் அவசரம் இருந்தது. அழுத்தம் அதிகம். கத்தி கல்லைக் கீறியது. நிறுத்தமே இல்லை, சரக் சரக்கென்று ஒரே வேகம். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தாள். வீர்த்தாவைக் காணவில்லை.

சொல்லிவிடு என்று அவளை மிரட்டியவன். தாயின் முகத்தைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்க வேண்டும். தாங்கவில்லை அவனுக்கு.

"கேட்டீங்களா! ஐயோ, கேட்டீங்களா!" என்று சகோதரிகள் கும்பிட்டார்கள்.

மாமியார் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் மகிழ்ச்சி இல்லை.

"இது அவன் இல்லை" என்றாள்.

ரஸ்மினியின் கையை விட்டுவிட்டு எழுந்தாள். மத்தியானத்தில் யாரும் போகக் கூடாது என்று தானே போட்ட கட்டளையைத் தானே மீறி, சுவரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

வீர்த்தா கல்லின் முன்னால் குந்தியிருந்தான். அண்ணனின் இடத்தில், அண்ணனின் கத்தியோடு. தாயைக் கண்டதும் எழ முயன்று தொட்டியில் இடித்துக்கொண்டான். காப்பிக் குவளை கவிழ்ந்து சகதியில் உருண்டது.

"நீதானாடா?" என்றாள் தாய். "இத்தனை நாளும் நீதானா?"

அவன் தாயின் தோளுக்கு மேலாக ரஸ்மினியைப் பார்த்தான்.

"நான்தாம்மா."

பளாரென்று ஓர் அறை விழுந்தது.

"பொய் சொல்லாதே. உனக்கு வராது இது. கப்பல்ல கத்தியை மெஷின்ல குடுத்துத் தீட்டி வாங்கறவன் நீ. குடு இங்க."

கத்தியைப் பிடுங்கினாள். கட்டை விரலால் விளிம்பின் குறுக்கே, நுனியிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டு வந்தாள். "இது இப்ப நீ கெடுத்தது. இதுவும் நீ கெடுத்தது." விரல் பிடியின் பக்கம், வீர்த்தா தொடாத கூரான பகுதிக்கு வந்தது. அங்கே நின்றது. மறுபடி தடவினாள். இன்னும் ஒரு முறை.

"இது யாரு?"

இனி ஒளிய இடமில்லை.

"நான் அத்தை" என்றாள் ரஸ்மினி.

"அடிப்பாவி!" என்றாள் மென் சுத்ரி. "ஊரையே பேயாட்டம் ஆட்டி வெச்சியே. புருஷன் பேரைச் சொல்லி நாடகமா?"

"நீ போ" என்றாள் மாமியார், திரும்பாமல்.

"நான் சொல்றது என்னன்னா..."

"போ சுத்ரி. வெத்தலை போட்டாச்சு இல்ல? எல்லாரும் போங்க."

போனார்கள். போகும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வாசலைத் தாண்டுவதற்குள் ஊர் முழுக்கப் போதுமான அளவு பேசிவிட்டார்கள்.

மாமியார் கத்தியை ரஸ்மினியிடம் நீட்டினாள்.

"தீட்டு."

"அத்தை..."

"தீட்டுன்னேன்."

ரஸ்மினி உட்கார்ந்தாள். கல்லில் தண்ணீர் தெளித்தாள். வீர்த்தா ஏற்படுத்தியிருந்த கீறல்கள் விளிம்பில் வெள்ளையாகத் தெரிந்தன. முதுகைக் கொஞ்சம் தூக்கி, கத்தியைக் குழியில் வைத்தாள். முதல் தேய்ப்பு பிசகியது, இரண்டாவதும் பிசகியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். குழி கத்தியை வாங்கிக்கொண்டது.

நீளமாக இரண்டு. குட்டையாக ஒன்று. ஒரு நிறுத்தம்.

மாமியார் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், பூசைக்குக் கட்டிய துணியோடு. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கன்னத்தில் நீர் இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் துடைக்கவில்லை.

பிசிறு வரும்வரை ஒரு பக்கம். திருப்பி மறுபக்கம். லேசாக, மேலும் லேசாக. கத்தி தன் கனத்தில் மட்டும் போயிற்று. ரஸ்மினி கையை எடுத்தாள். கத்தியை மடியில் வைத்தாள்.

கல்லிலிருந்து நீளமாக ஒன்று வந்தது.

இரண்டு பெண்களும் நிமிர்ந்தார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"நீ நிறுத்தின அப்புறம்..." என்றாள் மாமியார்.

"ஆமா அத்தை."

"உனக்கும் கேட்டுச்சா?"

"தினமும் இல்லை. சில நாள்."

"என்ன? என்ன கேட்டுச்சு?" என்றான் வீர்த்தா. அவன் கன்னம் இன்னும் சிவந்திருந்தது. அவனுக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு முன்பக்கம் போனான்.

மாமியார் சகதியிலிருந்து குவளையை எடுத்தாள்.

"காப்பியை யாரு குடிச்சது?"

"நான்தான்."

"நீ சக்கரையே போட்டுக்க மாட்டியே. அவனுக்குன்னு வாய் ஒட்டற மாதிரி போட்டு வெச்சேன்."

"மிச்சம் வெச்சா நீங்க சாப்பிட மாட்டீங்க அத்தை."

"தினமும் நின்னு கேட்டேன், தித்திப்புப் போதுமான்னு. சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து." குவளையில் ஒட்டிய சகதியை விரலால் வழித்தாள். "என்னை ஏமாத்திட்டியே. எவ்வளவு சந்தோஷமா ஏமாந்திருக்கேன் பாரு."

ரஸ்மினி அந்தக் கால்களைத் தொட்டாள். மாமியார் விலக்கவில்லை.

"தம்பி சொல்றது நியாயம் அத்தை. அவரை மண்ணுலயே விட்டுட்டு நாம ரெண்டு பேரும் ஓசையைக் கேட்டுக்கிட்டு இருந்தா, அது நம்ம ஆசைதானே? அவர் எங்க போவார்? இந்தக் கல்லைச் சுத்திக்கிட்டே கிடப்பார். அந்தக் கடைசி ஒண்ணு கேக்கறப்பல்லாம் எனக்கு அதுதான் தோணும். போக வழி தெரியாம நிக்கறாரோன்னு."

மாமியார் கல்லின் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"அவனை எரிச்சுட்டா நீ போயிடுவே" என்றாள் கடைசியில்.

ரஸ்மினி நிமிர்ந்தாள்.

"என்ன பார்க்கறே? எனக்குத் தெரியாதா? பிள்ளை குட்டி இல்லை. அவன் மண்ணுல இருக்கற வரைக்கும் நீ இந்த வீட்டு மருமக. சாம்பலைக் கடல்ல விட்ட மறுநாள் உன் அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிடுவான். வீர்த்தா கப்பலுக்குப் போயிடுவான். அப்புறம் இந்த முற்றத்துல நான் யாரு முகத்தைப் பார்க்கறது? பிள்ளை வர்றான்னு நினைச்சது நிஜம் ரஸ்மி. ஆனா பொய்யா இருந்தாலும் இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சதும் நிஜம்."

ரஸ்மினி போக மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அது நிஜமா என்று அவளுக்கே தெரியாததால் சொல்லவில்லை. கத்தியைத் துடைத்து, மாமியாரைக் கைதூக்கி எழுப்பினாள்.

வெயில் தாழ்ந்ததும் பஞ்சார் தலைவர் சுவார்கா வந்தார். மென் சுத்ரியின் பேச்சு அவர் கிளம்பும் முன்பே அவர் காதுக்குப் போயிருந்தது. பார்வையிலேயே தெரிந்தது. நல்ல மனிதர், ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க மென் லாந்த்ரா?"

"சேர்த்துக்கோங்க" என்றாள் அவள். "என் பிள்ளையைச் சேர்த்துக்கோங்க. அவன் கிளம்பட்டும்."

சொல்லிவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டாள். தலைவர் தலை குனிந்து கும்பிட்டார். காப்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்து மறையும் வரை மாமியார் தூணை விடவில்லை.

விளக்கேற்றும் நேரம். சமையலறையில் ரஸ்மினி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ஆயுதங்களுக்கு ஓய்வு என்ற விதி பொழுது சாய்ந்ததோடு முடிந்திருந்தது. மாமியார் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து தேங்காய் மட்டையை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். மத்தியானத்திலிருந்து அவள் எதையோ சொல்ல வந்து மென்று மென்று விழுங்குவதை ரஸ்மினி கவனித்திருந்தாள்.

"நேத்து நீ சந்தைக்குப் போனப்ப உன் அண்ணன் வந்திருந்தான்" என்றாள் மாமியார், நெருப்பைப் பார்த்தபடி.

"அண்ணனா? என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"தகனம் எப்ப நடந்தாலும் சரி, முடிஞ்சதும் தங்கச்சியை அனுப்பிடுங்கன்னான். மரியாதையாத்தான் கேட்டான். நான்தான் வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

மாமியார் இன்னொரு மட்டையை எடுத்தாள். தள்ளவில்லை.

"அத்தை, என்ன சொன்னீங்க?"

"எங்க மருமகளுக்கு இந்த வீட்டுலேயே மறுபடி கல்யாணம் பண்ணி வைக்கப் போறோம்னு சொல்லிட்டேன்."

ரஸ்மினியின் கத்தி வெங்காயத்தில் பாதியில் நின்றது. இந்த வீட்டில் இருப்பது ஒரே ஓர் ஆண்பிள்ளை.

"அவருக்குத் தெரியுமா?"

"காலையில நீ குளிக்கப் போனப்ப சொன்னேன். வேற யாராவது சொல்லி அவன் தெரிஞ்சுக்கக் கூடாதே."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலை. ஆத்திரப்பட்டுக் கத்துவான்னு நினைச்சேன். கத்தலை. கோடரியைத் துடைச்சுக்கிட்டே இருந்தான். துடைச்ச கோடரியையே மறுபடி துடைச்சான்."

காலையில் அவன் பேசியது, மத்தியானம் அண்ணனின் இடத்தில் போய் உட்கார்ந்தது, அறை வாங்கிய பிறகும் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றது எல்லாம் ரஸ்மினியின் மனதில் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எது அந்தப் பேச்சைக் கேட்குமுன் இருந்த மனம், எது கேட்டபின் வந்த மனம் என்று அவளால் பிரித்து எடுக்க முடியவில்லை.

முற்றத்தில் காலடி கேட்டது. சமையலறை வாசலுக்குச் சற்றுத் தள்ளியே அது நின்றுவிட்டது. இருட்டில் முகம் தெரியவில்லை.

"ரஸ்மினி..." என்றான் வீர்த்தா.

அண்ணி என்ற சொல் பின்னால் வரும் என்று இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். வரவில்லை.